எச்.ஐ.வி. கேள்வி-பதில்: 2030 இலக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி டெஸ்ட், இன்னும் சில

2030-க்குள்ள இந்தியாவுல எய்ட்ஸ் ஒழிஞ்சிடுமா டாக்டர்? – திருச்சி வாசகர்

ஒருத்தருக்குக்கூட இருக்காதுன்னு யாரும் சொல்லல, பெரிய ஆபத்தா இருக்கக்கூடாதுங்கறதுதான் இலக்கு. 2010-ஓட ஒப்பிட்டா வருஷா வருஷம் புதுசா தொற்று வர்றது பாதிக்குக் கிட்ட குறைஞ்சிருக்கு, சாவு முக்கால்வாசிக்கு மேல குறைஞ்சிருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா 95-95-95 இலக்குல (தொற்று இருக்கறவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு அது தெரியணும், அவங்கள்ல 95 சதவீதம் பேர் மாத்திர போடணும், அவங்கள்ல 95 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள்ள இருக்கணும்) இடிக்கிறது முதல் 95. சுமார் 25 லட்சம் பேர்ல 80 சதவீதம் பேருக்குத்தான் தனக்கு இருக்குன்னே தெரியும், மீதி 5 லட்சம் பேர் டெஸ்ட்டே எடுக்காம நம்மளோடதான் நடமாடிட்டு இருக்காங்க. மாத்திர போடறவங்கள்ல 97 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுக்குள்ள இருக்கு, அதனால மருந்து மேல குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் நாடு முழுக்க 0.2 சதவீதம்தானேன்னு அசந்துடாதீங்க, மிசோரம்ல 2 சதவீதத்துக்கு மேல, அங்க ஊசி போதையும் ஒரு பெரிய காரணம்.

வைரல் லோடு (ரத்தத்துல வைரஸ் அளவு) 'இல்ல'ன்னு வந்திடுச்சு, மாத்திர நிறுத்தலாமா? – சேலம்

கூடாது. நிறுத்தினா சில வாரத்துல திரும்ப ஏறிடும். எத்தன தடவ எழுதினாலும் இதே கேள்வி வருது, நானும் இதே பதிலத்தான் சொல்வேன்: மாத்திரய நீங்களா நிறுத்தாதீங்க.

போன வாரம் ஒரு தப்பு நடந்திடுச்சு, தடுப்பு மாத்திர போடலாமா? – ஊர் பேர் இல்ல

என்ன தப்பு, எந்த தேதி, ஒண்ணுமே எழுதல, இதுக்கு நான் என்ன சொல்றது? பி.இ.பி.ங்கற அந்தத் தடுப்பு மாத்திரய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் போடணும். எனக்கு லெட்டர் எழுதின நேரத்துக்கு ஜி.எச். எமர்ஜென்சிக்குப் போயிருந்தா வேல முடிஞ்சிருக்கும். இப்ப நேரா நம்பிக்கை மையத்துக்கு (அரசு எச்.ஐ.வி. டெஸ்ட் சென்டர்) போய் டெஸ்ட் எடுங்க, அவங்க சொல்ற தேதியில திரும்பவும் எடுங்க.

கொசு கடிச்சா வருமா?

வராது.

அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில சொல்லாம கொள்ளாம எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துட்டு, வராண்டாவுல சொந்தக்காரங்க முன்னாடியே 'பாசிட்டிவ், இங்க பண்ண முடியாது, ஜி.எச். போங்க'ன்னுட்டாங்க. கேஸ் ஷீட் முதல் பக்கத்துலயே சிவப்பு மையில எழுதி வட்டம் வேற போட்டிருக்கு. – மதுரைப் பக்கம்

படிச்சதும் வயிறு எரிஞ்சுது. இது முதல் லெட்டர் இல்ல, வந்துக்கிட்டேதான் இருக்கு. 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. அதுப்படி கேக்காம டெஸ்ட் எடுத்தது தப்பு, சொந்தக்காரங்க காதுல போட்டது தப்பு, பாசிட்டிவ்ங்கறதுக்காக வைத்தியம் மறுத்தது அதவிடப் பெரிய தப்பு. க்ளவுஸ், ஊசி விஷயத்துல எல்லா பேஷண்ட்டோட ரத்தத்தயும் ஒரே ஜாக்கிரதையோட தொடணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது, டெஸ்ட் நெகட்டிவ்னா அலட்சியமா இருக்கலாம்னு யாரும் சொல்லித் தரல, விண்டோ பீரியட்ல (தொற்று வந்தும் டெஸ்ட்ல இன்னும் தெரியாத ஆரம்ப நாள்) இருக்கறவருக்கும் நெகட்டிவ்னுதானே வரும்? 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமன் டீம் இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. கேஸ கண்டுபிடிச்சப்ப டாக்டர்களே பயந்தாங்க, மருந்து இல்லாத காலம், புரிஞ்சுக்கலாம். 2004ல தாம்பரம் சானடோரியத்துல இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யக் கட்டுப்படுத்தற மாத்திர வைத்தியம்) ஆரம்பிச்சு 20 வருஷம் தாண்டியும் அதே பயம்னா என்ன சொல்ல. அந்த வராண்டாவுல நின்ன சொந்தக்காரங்கள்ல ஒருத்தராவது இனி தைரியமா டெஸ்ட் எடுப்பாங்களா? முதல் 95 எங்க ஓட்டையாகுதுன்னு திருச்சிக்காரருக்கும் இதுதான் பதில்.

நீங்க செய்ய வேண்டியது: கேஸ் ஷீட் காப்பி வாங்குங்க. 20 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்கற ஆஸ்பத்திரின்னா புகார் அதிகாரி ஒருத்தர் இருக்கணும், அவர்கிட்ட எழுதிக் குடுங்க. மாநிலத்துக்கு ஓம்பட்ஸ்மேன் (இந்தச் சட்டப்படி புகார விசாரிக்கறவர்) உண்டு, அவர் 30 நாளுக்குள்ள உத்தரவு போடணும், உயிர் போற அவசரம்னா முடிஞ்சவரைக்கும் 24 மணி நேரத்துல. யாரப் பாக்கணும்னு தெரியலன்னா 1097 எய்ட்ஸ் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க. அப்பாவ இந்த வாரமே ஏ.ஆர்.டி. சென்டர்ல பதிய வைங்க, ஆபரேஷன் முடியட்டும்னு தள்ளாதீங்க.

நானும் வீட்டுக்காரரும் பாசிட்டிவ், நான் 3 மாசம் கர்ப்பம். குழந்த பொழைக்குமா? – விழுப்புரம்

பொழைக்கும்மா, நல்லாவே இருக்கும். இப்பவே ஏ.ஆர்.டி. விடாம போட்டா குழந்தைக்குத் தொத்தற வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி. இலங்கையில தாய்கிட்ட இருந்து குழந்தைக்குப் பரவறத ஒழிச்சிட்டாங்கன்னு 2019லயே டபிள்யூ.எச்.ஓ. சான்று குடுத்திடுச்சு. பிரசவம் ஆஸ்பத்திரியிலதான், பொறந்ததும் குழந்தைக்கு சொட்டு மருந்து, ஆறாவது வாரம் டெஸ்ட், 18 மாசத்துல கடைசி டெஸ்ட். நடுவுல ஊரு மாறினா மாத்திரையும் கார்டும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஒரு நாள்கூட விடாதீங்க.