காலையில் மட்டும் நீலப் புகை: இன்ஜினை இறக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் நின்றிருந்த 2014 மாடல் 100 சிசி பைக்கை, மூன்று வாரத்துக்கு முன் புரோக்கர் மூலம் வாங்கினேன். மீட்டரில் 11,400 கி.மீ. காட்டுகிறது. கண்டனூரிலிருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். காலையில் முதல் உதையில் நீலமாகப் புகை தள்ளுகிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. சோக்கை இழுத்து வைத்தால்தான் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது) இன்ஜின் அணையாமல் ஓடுகிறது. "போர் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், 7,500 ஆகும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. அவர் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு, பெரிய வேலையாகச் சொல்கிறார்.

முதலில் புகை. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் எரியும் இடத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. மேலேயிருந்து, வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வழியாக. கீழேயிருந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி. மேல்வழி என்றால் வண்டி நிற்கும் இரவு முழுக்க ஆயில் துளித்துளியாகக் கசிந்து உள்ளே தேங்கும். காலையில் முதல் உதையில் அது எரியும், தீர்ந்ததும் புகையும் நிற்கும். கீழ்வழி என்றால் வண்டி சூடானாலும் விடாது. ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வரும், பின்னால் ஆள் ஏறினால் இன்னும் வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே முதல் வகை. "போர்", அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளையைச் சரிசெய்வது, இரண்டாவது வகைக்கான வைத்தியம்.

சந்தேகம் தீர, நண்பர் ஒருவரை இன்னொரு வண்டியில் பின்னால் வரச்சொல்லுங்கள். புதுவயல் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் டாப் கியரில் 50 வரை போய், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிடுங்கள். வேகம் 30-க்கு இறங்கியதும் மறுபடி முறுக்குங்கள். முறுக்கிய அந்தக் கணம் மட்டும் ஒரு குப்பென்ற புகை என்றால் வால்வு சீல். முறுக்கிக்கொண்டே இருக்கும் நேரமெல்லாம் புகை தொடர்ந்தால் ரிங். மார்கழிக் காலையில் சைலன்ஸரில் தெரியும் வெள்ளை ஆவியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வெறும் தண்ணீர்.

"ஆச்சி வீட்டு வண்டிண்ணே, வளவுக்குள்ளேயே நின்னது" என்று சொல்லித்தான் உங்களிடம் விற்றிருப்பார்கள். நம் பக்கத்தில் இது வாடிக்கையான வசனம். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீட்டில், வருடத்துக்கு நாலு நாள் ஓடிய வண்டி புதுசு மாதிரி இருக்கும் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். பெயின்ட் அப்படித்தான் இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பருக்கு ஓட்டம்தான் நல்லது. ஆயில் படாமல் காய்ந்து கிடந்தால் சீல் கட்டையாகிவிடும். நின்ற வண்டிக்கு நீலப் புகை அதிசயமில்லை.

ஐடிலிங் பிரச்சினையும் அதே நிற்றலால் வந்ததுதான். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி படிந்து பைலட் ஜெட்டை, அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையை, அடைத்திருக்கும். சோக் போட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அதனால் அணையாமல் ஓடுகிறது. ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். கம்பியை விட்டுக் குத்த விடாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் மைலேஜ் திரும்பாது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் ஸ்குரூவைத் திருகுமுன் உள்ளே எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைக் கழற்றினால் ஃபில்டரில் செந்தூள் வருகிறதா பாருங்கள். வந்தால் டாங்க் துருப்பிடித்திருக்கிறது. அதைக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பத்து நாளில் அதே கதைதான். எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலிங் நிலைக்கவில்லையென்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள்.

ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கழற்றச் சம்மதிக்கும் முன் ஒரு விஷயத்தை நீங்களே பார்த்துவிட வேண்டும்: ஆயில் அளவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காமலேயே பல இன்ஜின்கள் பிரிக்கப்படுகின்றன. வண்டியை சென்டர் ஸ்டாண்டில், சமதளத்தில் நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மூன்று நிமிடம் பொறுங்கள். அளவுக்கம்பியைத் துடைத்து, திருகாமல் சும்மா செருகி எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வால்வையும் ரிங்கையும் பேசவே வேண்டாம். அளவு கூடினால் உள்ளே சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். அந்த நுரை மூச்சுக்குழாய் வழியாக ஏர்ஃபில்டர் பெட்டிக்குப் போய், கார்புரேட்டர் அதையும் உறிஞ்சும். நல்ல இன்ஜினும் அப்போது புகைக்கும். ஃபில்டர் பெட்டியின் அடியில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு ஏன் கூடியது என்பதற்கும் இரண்டு காரணம். ஒன்று, "கூட ஊத்தினா நல்லது" என்று யாரோ முழு லிட்டரையும் கவிழ்த்திருப்பார். இன்னொன்று, கார்புரேட்டரின் மிதவை ஊசி பிசின் பிடித்துச் சரியாக மூடாமல், இரவு முழுக்கப் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். அளவுக்கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் விரலில் நீர்த்துப்போயிருந்தால் இதுதான். அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டரும் ஓட்டாதீர்கள், பேரிங்கைத் தின்றுவிடும். ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் டேப்பை மூடுவதைப் பழக்கமாக்குங்கள்.

அளவு சரியாகவே இருந்தாலும் ஆயிலை ஒருமுறை வடித்துப் பார்ப்பது நல்லது. தேன் மாதிரி மெதுவாக இறங்கினால் எச்சரிக்கை. புகையையும் டேப்பட் சத்தத்தையும் (வால்வுப் பகுதியின் டக்டக் ஒலி) அமுக்க, 10டபிள்யூ30 ஊற்ற வேண்டிய இன்ஜினில் தடித்த 20டபிள்யூ50-யும் அதோடு ஒரு டப்பா "புகை மருந்தும்" ஊற்றி விற்பது பழைய கைவரிசை. ஒரு மாதம் தாங்கும், அதற்குள் வண்டி உங்கள் கைக்கு வந்திருக்கும். இன்னொன்று, நீங்கள் பார்க்கப் போகுமுன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பது. உங்களிடமும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காலைப் புகையை அன்றைக்கே பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வண்டி பார்க்கப் போனால் சாவி கேட்குமுன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் "நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிவிடுங்கள்.

புதிதாக ஊற்றும் ஆயில் வண்டிப் புத்தகத்தில் சொன்ன தரமாக, டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று போட்டதாக இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மேல்கோடு வரை நிரப்பி 500 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு மேல்கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு தேவைப்படுகிறது என்று மருந்துக் குப்பி மூடியால் அளந்து ஊற்றுங்கள். 50 மில்லிக்குள் என்றால் சீல் வேலையைத் தீபாவளி வரை தள்ளிப்போடலாம். 150-ஐத் தாண்டினால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

அப்போதும் கழற்றுமுன், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்துவைத்து ஐந்தாறு உதை, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அதே அளவு உதை. எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ரிங் பிழைத்தது. கேஜ் இல்லாமல், ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தே 7,500 ரூபாய்க்குத் தீர்ப்பு சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

புகைச் சான்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு அந்தச் சோதனை, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு நீங்கள் பார்க்கும் புகை அங்கே தெரியாது. பெயர் மாற்றத்திலும் பதிவெண், சேஸ் எண், கையெழுத்து எல்லாம் பார்ப்பார்கள், இன்ஜினின் நிலையைப் பார்க்க இந்த ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். அதுவரை வாங்குகிறவன் தலையெழுத்து. பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லையென்றால் படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்தை இந்த வாரமே வாங்குங்கள். அவர் வெளிநாட்டில் இருப்பவராக இருந்து திரும்பப் போய்விட்டால் புரோக்கர் போனை எடுக்கமாட்டார்.

மீட்டரில் காட்டும் 11,400-ஐயும் நம்பிவிடாதீர்கள். முன்சக்கரத்தில் கேபிளைக் கழற்றிவிட்டால் எண் நின்றுவிடும், இதற்குத் திறமையே தேவையில்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1814 என்றால் 2014-ன் 18-வது வாரம் செய்தது. பின்டயரில் 2014-க்குப் பிந்தைய எண் இருந்தால், நின்று வெடித்து மாற்றியது என்பார்கள், இருக்கலாம். ஆனால் செயின் ஸ்பிராக்கெட் பல் நின்றபடியே தேயாது. பல் கொக்கி மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றும் நாளில் கூடவே நில்லுங்கள். இரண்டு வால்வு சீலும் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டாது, கேஸ்கெட்டும் கூலியும் தனி. பழைய சீலைக் கையில் வாங்கி நசுக்கிப் பாருங்கள், வளையாமல் கட்டையாக இருக்கும். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கச் சொல்லி, போரின் உள்சுவரில் டார்ச் அடியுங்கள். 11,400 மட்டுமே ஓடிய இன்ஜினில், கோலப்பொடி சலிக்கும் சல்லடை மாதிரி குறுக்குமறுக்கான மெல்லிய கோடுகள் தெரியும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் எங்கும் தட்டாது. அப்படியென்றால் சீலை மட்டும் மாற்றி மூடச் சொல்லுங்கள். கோடே இல்லாமல் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, நகம் செங்குத்தான கீறலில் மாட்டினாலோ மெக்கானிக் சொன்னதுதான் சரி, மீட்டர் சொன்னதுதான் பொய்.