ஆர்க்கிட் செடியின் இலை ஏன் சுருங்குகிறது?

கேள்வி: ஐயா, பொங்கலுக்கு வந்த என் மகள் பெங்களூரிலிருந்து ஒரு ஆர்க்கிட் செடி வாங்கி வந்தாள். வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்ததுபோல வெள்ளைப் பூக்கள், இரண்டு மாதம் உதிராமல் நின்றன. பங்குனியில் பூ முடிந்ததும், செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து, அதை ஒரு நல்ல பீங்கான் தொட்டிக்கு மாற்றினேன். இப்போது இலைகள் தோல் சுருங்கித் துவண்டு கிடக்கின்றன. அடியிலை இரண்டும் மஞ்சளாகிவிட்டன. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், டி.ஏ.பி. உரம் ஒரு கரண்டி போட்டேன், தேறவில்லை. இது நோயா, சத்துக் குறைவா? என்ன மருந்து தெளிக்கலாம்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: அம்மா, மருந்து வாங்க இப்போதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் செடியின் வேர் அழுகியிருக்கிறது. நீங்கள் குறையாகச் செய்ததால் வந்த கேடு அல்ல இது. கூடுதலாகச் செய்ததால் வந்தது.

நீங்கள் சொல்லும் பூவை வைத்துப் பார்த்தால் அது ஃபலனாப்சிஸ் வகை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளின் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுச் செடி. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மரம் அதற்கு வெறும் இருக்கை. மழை பெய்தால் வேர் நனையும், காற்று அடித்தால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். அந்த வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. நனைந்தால் பச்சையாகவும் உலர்ந்தால் வெள்ளி நிறமாகவும் தெரியும். அதைச் செம்மண்ணில் புதைத்து, துளையில்லாத பீங்கானில் வைத்து, இருவேளை நீர் ஊற்றினால் மூச்சு முட்டி அழுகிவிடும். அழுகிய வேர் நீரை எடுக்காது. மோட்டார் எரிந்துபோன கிணற்றில் தண்ணீர் ததும்பி என்ன பயன்? வேர் தராததால் இலை தன்னிடம் சேர்த்து வைத்த நீரைச் செலவழித்துச் சுருங்குகிறது. நாம் அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்.

முதலில் நடுக்குருத்தைத் தொட்டுப் பாருங்கள். இந்தச் செடிக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அது கறுத்து, இலேசாக இழுத்தாலே கையோடு வந்து நாற்றமடித்தால் காப்பாற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. குருத்து கெட்டியாக இருந்தால் இன்றே தொட்டியிலிருந்து எடுத்து, மண் முழுவதையும் ஓடும் நீரில் கழுவுங்கள். வேர்களுக்கு நடுவே உருண்டையாகப் பழைய ஸ்பாக்னம் பாசி (பஞ்சுபோல நீரைப் பிடிக்கும் உலர்பாசி) இருக்கும். நாற்றுப் பருவத்தில் வைத்தது; பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அதையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் அது உயிருள்ள வேர். கொழகொழவென்றோ, உள்ளே நூல் மட்டும் மிஞ்சிய வெற்றுக் குழலாகவோ இருப்பதை வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டு வெட்ட வேண்டும். காய்ந்த பூந்தண்டையும் அடியோடு நறுக்கிவிடலாம். வெட்டுக் காயம் உலர ஒரு நாள் நிழலில் கிடக்கட்டும்.

மீண்டும் நட மண் வேண்டவே வேண்டாம். பெருவிரல் நக அளவுத் தேங்காய் மட்டைத் துண்டு, மரக்கரி, ஓட்டுச் சில்லு இவை போதும். தென்னை நார்க்கழிவுத் தூள் ஆகாது, அதுவும் சேறுபோல நீரைப் பிடித்துக்கொள்ளும். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கக் கூடாது, மிஞ்சிய வேர் அடங்கினால் போதும். பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றிலும் நல்லது, வேரின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். செடி ஆடாமல் ஒரு குச்சியில் கட்டுங்கள். ஆடினால் புது வேர் பற்றாது.

நல்ல வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லையா? ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில், நனைத்துப் பிழிந்தெடுத்த புதிய ஸ்பாக்னம் பாசியைக் கொஞ்சம் பரப்பி, அடித்தண்டு பாசியைத் தொடாமல் செடியை வைத்து, பையின் வாயைத் தளர்வாக மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. வெயில் பட்டால் பைக்குள்ளேயே வெந்துவிடும். தினமும் சிறிது நேரம் திறந்து காற்றாட விடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் பச்சை நுனியோடு வேர் எட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது, உங்கள் ஊர்த் தண்ணீர். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் ஆர்க்கிட் வேரின் நுனியைச் சுட்டுவிடும். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 200-க்குள் இருந்தால் நல்லது, 500-ஐத் தாண்டினால் தொடாதீர்கள். குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு செடிக்கு ஒரு டம்ளர் ஆகுமா? அதையே கொடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பையெல்லாம் திரட்டிக் கொடுப்பதற்குச் சமம். ஐப்பசி மழை தொடங்கியதும் மொட்டைமாடியில் ஒரு வாளி வையுங்கள், அதைவிடச் சிறந்த நீர் இல்லை.

வேர் வெள்ளி நிறமான பிறகே காலையில் நீர் விடுங்கள். இந்த ஆனி மாதக் காற்றில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறையும், அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு முறையும் தேவைப்படலாம். நாள்காட்டியை நம்பாமல் வேரைப் பாருங்கள். குருத்தில் நீர் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள். கிழக்கு ஜன்னல் ஓரம், திரைக்குப் பின்னால், மின்விசிறிக் காற்று நேரடியாக அடிக்காத இடம் பொருத்தம்.

உரம் இப்போது எதுவும் வேண்டாம். டி.ஏ.பி. இந்தச் செடிக்கு எப்போதுமே வேண்டாம். புது வேர் ஓர் அங்குலம் நீண்ட பிறகு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். சுருங்கிய பழைய இலை முன்போல விறைக்காமல் போகலாம், அதற்காகக் கலங்க வேண்டாம். புதிய இலை விறைப்பாக வந்தால் செடி தேறிவிட்டது.

பூ விஷயத்தில் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஃபலனாப்சிஸ் மொட்டுத்தண்டு விடச் சில வாரம் குளிர்ச்சி வேண்டும். பெங்களூரில் கிடைக்கும் குளிர் நமக்கு மார்கழி, தை இரவுகளில் ஓரளவுதான் கிடைக்கிறது. வரும் தையிலேயே பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் வேரும் இரண்டு இலையும் சேரட்டும். ஆர்க்கிட் ஆசை விடவில்லையென்றால், அடுத்து டென்ட்ரோபியம் வாங்குங்கள், நம் வெக்கையை அது தாங்கும்.

அந்தப் பீங்கான் தொட்டியை எறிய வேண்டாம். அடியில் துளை போட முடிந்தால், செம்மண்ணோடு அப்படியே ஓமவல்லிக் கொம்பு ஒன்றை ஒடித்து நட்டுவிடுங்கள். டி.ஏ.பி. போட்ட மேல்மண்ணை மட்டும் கொஞ்சம் அள்ளிக் கொட்டிவிட்டு.