அரசியல் தத்துவம்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆங்கிலத் தத்துவவாதிகளான ஹாப்ஸ், லாக் இருவருமே சமூக ஒப்பந்தம் பற்றிப் பேசுகிறார்கள். வேறுபாடு எங்கே? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: அரசின் அதிகாரம் மக்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டிலிருந்து பிறக்கிறது என்பதே சமூக ஒப்பந்தக் கருத்து. அரசில்லாத நிலையில் எவர் உயிருக்கும் உறுதியில்லை, ஆகவே மக்கள் தம் அதிகாரத்தை ஏறக்குறைய முழுமையாக ஒப்படைக்கிறார்கள் என்றார் ஹாப்ஸ் (1651). சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் லாக், உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் காக்கும் வரைதான் அந்த ஒப்படைப்பு செல்லும் என்றார்.

கேள்வி: என் பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், நான் இங்கேயே பிறந்தவன். எந்தச் சட்டத்தைக் குறை சொன்னாலும், "இங்கே இருப்பதே சம்மதம், பிடிக்காவிட்டால் போய்விடு" என்கிறார்கள். இதற்குத் தத்துவத்தில் ஆதாரம் உண்டா? (தாராவி வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் வலுவற்ற ஆதாரம். ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடப்பவர்கூட அதன் ஆட்சிக்கு மறைமுகமாகச் சம்மதிக்கிறார் என்று லாக் எழுதினார். 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூம் இதற்கு அளித்த மறுப்பை இன்றுவரை எவரும் நிறைவாக எதிர்கொள்ளவில்லை என்பது என் முடிவு. உறங்கும்போது ஒருவரைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டு, இறங்க வேண்டுமானால் கடலில் குதிக்கத்தான் வேண்டும் என்ற நிலையில், அவர் கப்பலில் இருப்பதாலேயே மாலுமித் தலைவரின் ஆணைக்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியுமா என்று ஹ்யூம் கேட்டார். வேற்று மொழி அறியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஓர் ஏழைக்கு நாட்டை விட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறதா என்றும் கேட்டார். மூன்று தலைமுறையாகத் தோல் பட்டறையிலும் மண்பாண்டச் சூளையிலும் உழைத்த குடும்பங்களைப் பார்த்து "போய்விடு" என்பவர்கள், மாற்று வழி இல்லாத இடத்தில் பிறக்கும் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடுகிறார்கள். குறை சொல்வது ஒரு குடிமகனின் பங்கேற்பு; அதை விருந்தாளியின் நன்றிகெட்டதனமாகச் சித்திரிப்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன்.

இந்தியாவின் எப்பகுதியிலும் குடியமரும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. ஆயினும் அதை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிடாதீர்கள்: சட்டத்தில் இருப்பது வேறு, நியாயமாக இருப்பது வேறு. மேலும், சம்மதக் கோட்பாடு தோற்றால் சட்டத்துக்குக் கீழ்ப்படியும் கடமையே இல்லை என்று ஆகிவிடாது. பலர் சேர்ந்து சுமக்கும் பாரத்தின் பலனைப் பெறுபவர் தன் பங்கையும் சுமக்க வேண்டும் என்ற வாதமும், நியாயமான அமைப்புகளைத் தாங்குவது நம் இயல்பான கடமை என்ற அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸின் வாதமும் தனியே பரிசீலிக்கத் தக்கவை.

கேள்வி: வருமான வரி திருட்டுதானே? (செம்பூர் வாசகர்)

பதில்: உழைப்பின் ஊதியத்தின் மீதான வரி கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று அமெரிக்கத் தத்துவவாதி நோஸிக் 1974-இல் வாதிட்டார். அவ்வாதம், வரிக்கு முன் கையில் இருப்பது முழுவதும் நியாயமாக நம்முடையதே என்ற அடிப்படையில் நிற்கிறது. அதைத்தான் முதலில் நிறுவ வேண்டும். "இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு" என்ற குறள், பொருளைப் பெருக்குவதோடு பகிர்ந்தளிப்பதையும் அரசின் திறனாகவே வைக்கிறது.

கேள்வி: தலைசிறந்த அரசியல் சிந்தனையாளர் யார்? ஒரே வரியில் சொல்லவும். தேர்வு நெருங்குகிறது. (முலுண்ட் மாணவர்)

பதில்: எதைப் பற்றி என்று நீங்கள் எழுதவில்லை. சுதந்திரமா, சமத்துவமா, அதிகாரமா என்று பிரித்துக் கேளுங்கள். சிந்தனையாளரின் பெயர் ஒரு கேள்விக்கு விடை ஆகாது, தேர்விலும் ஆகாது.

கேள்வி: எங்கள் வீட்டுவசதிச் சங்கப் பொதுக்குழுவில், இன்ன உணவு உண்பவருக்கு வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று பெரும்பான்மையினர் தீர்மானித்தார்கள். ஜனநாயகம்தானே? (சயான் வாசகர்)

பதில்: வாக்கெடுப்பு நடந்திருக்கிறது; அவ்வளவே. சமூகமே கொடுங்கோலனாகும்போது அதன் பிடி சட்டத்தின் பிடியைவிட ஆழமாக இறங்கும் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் சொன்னார். உங்கள் சங்கத்தின் தீர்மானம் அந்த முரண்பாட்டின் வீட்டளவு வடிவம். மின்தூக்கிப் பராமரிப்புக் கட்டணத்தைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். அடுத்தவர் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை எந்த எண்ணிக்கையும் தீர்மானிக்க இயலாது.

கேள்வி: இத்துறையில் முதலில் எதைப் படிக்கலாம்? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோவின் 'கிரீட்டோ' என்ற சிறு உரையாடல் நூல். ஒரு மாலையில் முடித்துவிடலாம். சிறையிலிருந்து தப்ப மறுக்கும் சாக்ரடீஸ் சொல்லும் காரணங்களில் எவை நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள்.