வாள் வீசியவனின் கை

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். சிலப்பதிகாரத்தில் ‘கொன்று சிலம்பைக் கொண்டு வா’ என்று பாண்டியன் சொல்லும் இடத்தை மாற்றி எழுதச் சொன்னேன். அரசன் விசாரித்தான், கோவலனை விட்டுவிட்டான் என்று ஒரு பையன் பத்தே வரியில் முடித்துவிட்டான். ‘அப்புறம் கதையே இல்லையே டீச்சர்’ என்கிறான். அவனுக்கு என்ன சொல்ல?

அன்புள்ள டீச்சர்,

பையன் சரியான இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மாற்றியது அரசனின் சொல்லை மட்டும். அந்தச் சொல் வந்த வழி அப்படியே இருக்கிறது. ஆடல் மகளிரிடம் அரசன் மனம் போனதென்று தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைத் தேடிப் போகிறவனின் காலில் வாசலிலேயே விழுகிறான் பொற்கொல்லன். தேவியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அந்த அவசரத்தில் இருப்பவன் எப்படி விசாரிப்பான்?

நானாக இருந்தால் காவலர்களிடம் போவேன். பட்டிமன்றங்களில் அரசனையே பேசிப் பேசி இவர்களை விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கோவலனைப் பார்த்ததும் ‘இவன் கொலைப்பட வேண்டியவன் அல்ல’ என்றவர்கள் அவர்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்கி அவர்களைக் குழப்புகிறான். கடைசியில் ‘கல்லாக் களிமகன்’ ஒருவன், அறிவில்லாத குடிகாரன், வாளை வீசிவிடுகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை.

பக்கத்தில் நின்றவன் அந்தக் கையைப் பிடித்திருந்தால்? கோவலன் அவைக்கு வருவான். சிலம்பு தன்னுடையது என்று காட்ட இணைச் சிலம்பு வேண்டும். அது ஆயர்பாடியில் கண்ணகியிடம் இருக்கிறது. ஆள் போகும், அவள் சாட்சியாக வருவாள். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கும். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. மதுரை எரியாது.

ஆனால் கண்ணகி? கோவலன் சிலம்போடு கிளம்புமுன் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, பெரியோர் மெச்சாத நடத்தையில் போனீர்கள் என்று சொன்னவள். மாதவி வீட்டில் அவன் இருந்த நாட்களைப் பற்றி அவளுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கும். அவன் உயிரோடு பக்கத்தில் நடக்கும்போது அதையெல்லாம் எங்கே வைப்பாள்? கதை அங்கே இருக்கிறது.

மதுரைப் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் இருக்கிறது. கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். பையனை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள். கையைப் பிடித்த காவலனை முதலில் எழுதட்டும். அப்புறம் அவை கலைந்து இருவரும் ஆயர்பாடியில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டுக்குத் திரும்பும் வழியில் கண்ணகி சொல்லும் முதல் வார்த்தையை எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.