வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் ஆறாம் தரத்தில் இடம் இல்லையா?

கேள்வி: என் மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் 124 புள்ளி எடுத்திருக்கிறாள். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளி குறைவு. அவள் படிக்கும் பாடசாலை ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. நகரத்துப் பாடசாலையில் இடம் எடுத்துத் தருவதாக, ரியூசன் வகுப்பில் அறிமுகமான ஒருவர் இரண்டு இலட்சம் ரூபாய் கேட்கிறார். மீள்பரிசீலனைக்குப் போட்டால் புள்ளி கூடும் என்றும் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
- ஒரு தாய், வவுனியா மாவட்டம்

பதில்: வைக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த 124ஐப் பார்ப்போம். இந்தப் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளி. பெறுபேறு வரும்போதெல்லாம் 70 புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகள் எத்தனை வீதம் என்று பரீட்சைத் திணைக்களம் தனியாகச் சொல்லும். உங்கள் மகள் அதைவிட 54 புள்ளி மேலே நிற்கிறாள். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து இதற்கு மேல் "பெயில்" என்று யாராவது சொன்னால், அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வெட்டுப்புள்ளியில் இரண்டு வகை உண்டு. தரகர்கள் பிழைப்பது இந்த இரண்டையும் குழப்பித்தான். உங்களுக்குக் குறைந்திருப்பது மாவட்ட வெட்டுப்புள்ளி. மாதாந்த உதவிப்பணத்துக்குத் தகுதியா இல்லையா என்பதை அது சொல்லும், அதற்கும் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். ஆறாம் தரத்துக்குப் பாடசாலைகள் பிள்ளைகளை எடுக்கும் வெட்டுப்புள்ளி வேறு. அதைக் கல்வி அமைச்சு பிறகு வெளியிடும். பாடசாலைக்குப் பாடசாலை, மொழிமூலத்துக்கு மொழிமூலம் அது மாறும். பெயர்பெற்ற பாடசாலையில் எங்கேயோ போய் நிற்கும். இடம் மிஞ்சும் பாடசாலையில் இறங்கி வரும். அந்தப் பட்டியல் வரும்வரை "உங்கள் பிள்ளைக்கு இடமில்லை" என்று எவராலும் சொல்ல முடியாது.

மீள்பரிசீலனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடைத்தாளைத் திரும்பச் சரிபார்ப்பார்கள், கூட்டலைப் பார்ப்பார்கள். ஒன்று இரண்டு புள்ளியில் தவறவிட்டவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது புள்ளி அதில் வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். போடுவதென்றால் அறிவித்த நாட்களுக்குள் நீங்களே போடலாம். நடுவில் ஆள் எதற்கு?

இனி அந்த இரண்டு இலட்சக்காரர். இவர்கள் வேலை செய்யும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பத்துப் பெற்றோரிடம் காசு வாங்குவார்கள். அதிபரைத் தெரியும், அமைச்சில் ஆள் இருக்கிறது என்பார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் போடும் மேன்முறையீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குத் தானாகவே இடம் கிடைக்கும். "பார்த்தீர்களா, நான் எடுத்துத் தந்தேன்" என்று அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பாதிக் காசு திரும்பும், அல்லது போன் வேலை செய்யாது. "பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு நன்கொடை" என்று அவர் சொன்னால் சங்கத்தின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், பேச்சு மாறும். அனுமதிக்காகக் காசு கேட்பது இலஞ்சம்; கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: பாடசாலை ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. அப்படியென்றால் அது மூன்றாம் வகைப் பாடசாலை. அங்கே படிக்கும் பிள்ளை ஆறாம் தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போயே ஆகவேண்டும். ஆகவே அவளுக்கு ஓர் இடம் தேடிக் கொடுப்பது வலயக் கல்வி அலுவலகத்தின் பொறுப்பு. புலமைப்பரிசில் புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 40 புள்ளி எடுத்திருந்தாலும் இது அவளுக்கு உரியது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் வழக்கமாக எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள் என்று அதிபரிடம் கேளுங்கள். அது தூரமென்றாலும், பஸ் இல்லையென்றாலும், வகுப்பு நிறைந்துவிட்டது என்று சொன்னாலும், வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடுவார்கள், கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். "பெரியவர் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்றால் பதிவுத் தபாலில் போடுங்கள். இந்த ஒரு கடிதம் இல்லாததால்தான் எத்தனையோ பெற்றோர் தரகரிடம் போய் விழுகிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது தரகர் மீது மட்டுமல்ல. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளுக்குப் போகக் கதவு திறந்தார்கள். இன்று மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கதவில் நெருக்குப்படுகிறார்கள். உதவிப்பணத்தை மாதம் 750 ரூபாயிலிருந்து 1,500ஆகக் கூட்டுவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அதற்காக மூன்றாம் தரத்திலிருந்தே பெற்றோர் கட்டும் ரியூசன் காசை யார் கணக்குப் பார்த்தார்கள்? 2024இல் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுத்தார்கள். ஒரு புள்ளியில் பிள்ளையின் பாதையைப் பிரிக்கும் பரீட்சையில் இப்படியும் நடக்கிறது. எல்லா ஊர்ப் பாடசாலையும் நல்ல பாடசாலையாக இருந்தால் இந்த ஓட்டமே தேவையில்லை. அதைச் செய்ய மனமில்லை.

சரி, மகளிடம் வருவோம். வினாத்தாளை எடுத்து, அவள் பிழைவிட்ட கணக்குகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "மீதி எத்தனை", "மொத்தம் எத்தனை" என்ற சொல்லிலேயே இடறுகிறாளா என்று கவனியுங்கள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும், கேள்வியை வாசித்து முடிக்கத்தான் பொறுமை இருக்காது. அப்படியென்றால் அவளுக்கு இன்னொரு ரியூசன் வேண்டாம், தினமும் கொஞ்சம் வாசிக்கவைத்தால் போதும்.

இந்த வாரமே அதிபரைப் பாருங்கள். பெறுபேற்றுத் தாளின் பிரதியைக் கொண்டுபோங்கள். பாடசாலை விருப்ப ஒழுங்கில் உங்கள் மகளுக்கு எந்தெந்தப் பெயர்கள் போயிருக்கின்றன, மேன்முறையீடு எப்போது திறக்கும் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.