பென்சிலின் ஏன் நொதியிலேயே ஒட்டி நிற்கிறது?

பென்சிலினை உடைக்கும் பாக்டீரியா நொதியான டெம்-1 பீட்டா-லாக்டமேஸின் படிக அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அதில் பென்சிலின் ஏன் ஒட்டி நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்தது இயல்பான நொதி அல்ல, ஒரு அமினோ அமிலம் மாற்றப்பட்ட திரிபு நொதி. இயல்பான டெம்-1 ஒரு நொடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின்-ஜி மூலக்கூறுகளை உடைக்கும். அப்படியிருக்க, படிகத்தில் மருந்து செரின் 70-இல் (நொதியில் 70 என எண்ணிடப்பட்ட அமினோ அமிலம்) ஒட்டியபடியே நிற்பது எப்படி என்பதுதானே உங்கள் குழப்பம்? 1992-இல் வெளியான அந்த அமைப்பில் குளுட்டாமேட் 166-ஐ அஸ்பராஜினாக மாற்றியிருந்தார்கள்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் செரின் 70 பென்சிலினின் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைத்துத் தானே மருந்தோடு பிணைந்துகொள்ளும். அப்புறம் குளுட்டாமேட் 166 பக்கத்து நீர் மூலக்கூறிலிருந்து ஒரு புரோட்டானை இழுக்க, அந்த நீர் பிணைப்பை வெட்டிவிடும். அஸ்பராஜினால் புரோட்டானை இழுக்க முடியாது. அதனால் முதல் கட்டத்தோடு எல்லாம் நின்றுபோகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான்: ஒரே ஒரு அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி மாறியதும் நொதி பாதி வேலையில் உறைந்துவிடுகிறது!

சரிபார்க்க, கோப்பில் 166-ஆம் இடத்தைச் சொடுக்கிப் பாருங்கள். மரபணு வரிசையிலிருந்து எண்ணினால் இந்த எண்களில் இரண்டு குறையும்; அங்கே செரின் 70 என்பது 68. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: முதல் கட்டத்தில் செரினின் புரோட்டானை எடுப்பது லைசின் 73-ஆ, குளுட்டாமேட் 166-ஆ என்பதில் நீண்ட விவாதம் உண்டு. இந்த ஒரு படத்தை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள்.