கிட்டங்கியைக் கலைக்கூடம் ஆக்கினேன், இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள்

கேள்வி: திருநெல்வேலி டவுனில் பூட்டிக் கிடந்த பழைய அரிசிக் கிட்டங்கி (குடோன்) ஒன்றை 2021-ல் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு எடுத்தேன். முன்பணம் 60,000. எல்லாம் வாய்ப்பேச்சுதான். இரண்டு லட்சத்துக்கு மேல் செலவழித்து ஓவியக்கூடமும் சிறு நாடக மேடையும் அமைத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்துக் கிட்டங்கிகளிலும் மண்பாண்டக் கூடம், புத்தகக் கடை, காபிக் கடை என்று வந்துவிட்டன. இப்போது கிட்டங்கியின் உரிமையாளரான அண்ணாச்சியின் மகன், மாதம் 30,000 தர வேண்டும், இல்லையென்றால் பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும் என்கிறார். கரண்டை வெட்டுவேன் என்றும் மிரட்டுகிறார். ஞாயிறுகளில் மற்ற குழுக்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுத்தான் சமாளிக்கிறேன். செய்த செலவாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். பூட்டுப் போட்டோ, ஆள் அனுப்பியோ உங்களை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை. நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற முடியும். மின்சாரத்தைத் துண்டித்தால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் உடனே மனுக் கொடுங்கள். அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

ஆனால் உங்கள் பக்கமும் ஓட்டை இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். நீங்கள் குடிவந்தது அதற்குப் பிறகு. இந்தச் சட்டம் வாடகைக்கு உச்சவரம்பும் வைக்கவில்லை. இடத்துக்கு மதிப்பு வந்தது உங்களால்தான், அது எனக்கும் தெரிகிறது. ஆனால் அதற்கென்று தனி உரிமை எதையும் நம் சட்டம் தருவதில்லை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில், காலியாகக் கிடந்த ஆலை மாடிகளிலும் குடோன் மாடிகளிலும் ஓவியர்கள் குடியேறினார்கள். இடம் பிரபலமானதும் வாடகை ஏறி, பலர் வெளியேற வேண்டி வந்தது. 1982-ல் அந்த மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. எனவே எழுத்து ஒப்பந்தம்தான் உங்கள் பாதுகாப்பு.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஞாயிறு வாடகைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது வெளியேற்றக் காரணம் ஆகும். ஒரு நாள் நிகழ்ச்சி உள்வாடகை ஆகாது என்று வாதாடலாம்தான், ஆனால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். சம்மதம் வாங்கும்வரை நிறுத்துங்கள்.

செலவு விஷயம். சொத்து மாற்றச் சட்டம் 108-வது பிரிவின்படி, நீங்கள் பொருத்தியவற்றை இடம் உங்கள் கைவசம் இருக்கும்போதே கழற்றி எடுத்துக்கொள்ளலாம். இடத்தை மட்டும் வாங்கிய நிலையில் ஒப்படைக்க வேண்டும். மேடைப் பலகை, விளக்குகள், மின்விசிறி எல்லாம் உங்களுடையவை. பூச்சு, வெள்ளையடிப்பு, தரை போட்ட காசைத் தனி ஒப்பந்தம் இல்லாமல் கேட்பது கடினம். முன்பணம் வேறு கதை. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல், அதாவது உங்கள் கணக்கில் 27,000-க்கு மேல், வாங்கியிருக்கக் கூடாது. காலி செய்தால் வாடகை பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் தர வேண்டியவர் அவர்.

நாடகம் நடத்துவதற்கான உரிமமும், கட்டடப் பயன்பாட்டை மாற்ற அனுமதியும் இருக்கிறதா என்று மாநகராட்சியில் பாருங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம்.

வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கிக்கு நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் அதுவே அவருக்கு வழக்காகிவிடும். வங்கி வழியாகவே அனுப்புங்கள், வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். அப்புறம், மகனிடம் பேசுவதோடு நிற்காமல் அண்ணாச்சியிடமே நேரில் போய்ப் பேசுங்கள். வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தர ஒப்புக்கொண்டு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கேளுங்கள். ஆண்டு உயர்வு எவ்வளவு, இடையில் காலி செய்யச் சொன்னால் செலவில் எவ்வளவு திருப்பித் தருவார், ஞாயிறு நிகழ்ச்சிகளுக்குச் சம்மதமா என்பதெல்லாம் அதில் வரட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.